சிவப்புக் கட்டமும் பாயின் இன்வெர்ட்டரும்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனைத் திறந்து இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக, நாள்வாரியாகக் கட்டங்கள். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் மொட்டைமாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து ஒரு கட்டத்தை நிரப்பலாம். அந்தச் செயற்கைக்கோள் வழியாக ஆட்கள் பேசுவது கேட்டால் நீலம். அடையாளத்துக்காக அது தானாக அனுப்பும் ஒலி மட்டும் கேட்டால் மஞ்சள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் சிவப்பு. மேலே போய்விட்ட பெட்டியை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அது இருக்கிறதா போய்விட்டதா என்பதை இப்படி ஊர்கூடித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு குறிப்பிட்ட வரியில் நான் சிவப்பாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதே வரியில் மற்றவர்கள் நீலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் என்று வீட்டில் பெயர். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியதே கிடையாது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பெஞ்சில் கூட உட்கார்ந்திருப்பவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். இப்படிப்பட்டவளுக்குச் செயற்கைக்கோள்தான் சரியான பொழுதுபோக்கு. ஒரு பக்கம் எழுந்து, தலைக்கு மேல் ஏறி, மறுபக்கம் இறங்க அதற்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் ஆண்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே உடம்பைத் திருப்ப வேண்டும், அலைவரிசையை மாற்றிக்கொண்டே வர வேண்டும், பேச வேண்டும், கேட்க வேண்டும். முடிந்ததும் இறங்கி வந்து இட்லிக்கு ஊறப்போடலாம்.

பிவிசி பைப்பில் அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டிப் பொருத்தி நானே செய்த ஆண்டெனா அது. கையடக்க ரேடியோ இரண்டு. ஒன்றில் பேசுவேன், இன்னொன்றில் கேட்பேன். பேசும்போதே என் குரல் மேலே போய்த் திரும்பி வருவதையும் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஊளையிடும். அதனால் கேட்கிற ரேடியோவில் ஓர் ஒற்றை இயர்போன். வலது கையில் ஆண்டெனா இருப்பதால் ஒயர் சிக்காமலிருக்க இயர்போன் எப்போதும் இடது காதில்தான். லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

நான் சிவப்புப் போட்ட செயற்கைக்கோள் பழையது. பேட்டரி தளர்ந்துபோய், வெயில் படும்போது நன்றாகவும் நிழலுக்குள் போனால் முனகலாகவும் வேலை செய்துகொண்டிருந்தது. இன்றோ நாளையோ என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதன்மேல் பாசம் வந்ததற்குக் காரணம் அந்தப் பெட்டி இல்லை. அசாமில் இருந்த ஓர் அம்மா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதும், வீட்டுக்குப் பின்னால் பாக்கு மரங்கள் இருப்பதும் மட்டும்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். நான் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்பேன். அவர் என்னை 'பெஹன்', தங்கச்சி, என்பார். சாயங்காலம் அது எங்கள் இரண்டு பேர் தலைக்கும் பொதுவாக வரும்போது, அரைகுறை இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசிக்கொள்வோம். அங்கே இருட்டியிருக்கும், இங்கே வெளிச்சம் இருக்கும். என்ன சமைத்தாய், மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது. இவ்வளவுதான் பேச்சு. இதற்கு நடுவில் வேறு ஊர்க்காரர்கள் புகுந்து கூப்பிடுவார்கள், அவர்களுக்கும் இடம் விட வேண்டும். ஆனாலும் நாளில் அந்தச் சில வார்த்தைகளுக்காக நான் காத்திருப்பேன்.

போன் நம்பர் வாங்கிக்கொள்ளவே இல்லை. வானத்தில் பேசிக்கொள்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு என்று எனக்கு ஒரு திமிர். அவருக்கும் அதே திமிர் இருந்திருக்க வேண்டும்.

முதலில் அவர் குரல் மெலிந்தது. பிறகு துண்டு துண்டாக வந்தது. பிறகு வரவில்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இரைச்சல் மட்டும் வந்தது. சாதாரணமாக ரேடியோவில் ஒரே 'சோ' என்று மழை கொட்டுகிற மாதிரி சத்தம் இருக்கும். செயற்கைக்கோள் ஏறி வந்ததும் அந்தச் சத்தம் அடங்கும். அடங்கிய இடத்தில் குரல் வரும். எனக்கு அடங்கவே இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். ஆண்டெனாவையும் ரேடியோக்களையும் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன், கேட்பேன், இறங்கி வந்து சிவப்புப் போடுவேன்.

மற்றவர்கள் நீலம் போட்டார்கள் என்றேனே. அதற்கு நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். ஐரோப்பா பக்கம் போகும்போது அதற்கு வெயில் நன்றாகக் கிடைக்கிறது, நம் தலைக்கு மேல் வரும்போது களைத்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் நீலம் போட்டார். ரேடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். கேட்காததைக் கேட்டதாகப் போடுவதால் யாருக்கு என்ன லாபம், பழைய நினைப்பில் பொத்தானை அமுக்குகிறீர்களா என்று எழுதினேன். அவர் மரியாதையாக, "உங்க ஏரியால லோக்கல் நாய்ஸ் ஜாஸ்தியா இருக்கலாம், செக் பண்ணுங்க மேடம்" என்று பதில் போட்டார்.

அதுதான் பொறி. அதற்குப் பிறகு நான் அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடக் கிளம்பினேன்.

ஆம்பூரில் இரைச்சலுக்குப் பஞ்சமா? தோல் பதனிடும் டேனரிகளில் டிரம்கள் சுற்றுகின்றன, கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் மோட்டார்கள் ஓடுகின்றன, ஹைவேயில் லாரிகள் போகின்றன. போதாக்குறைக்கு எல்.இ.டி. தெருவிளக்குகள், போன் டவர்கள். இவை ஒவ்வொன்றும் ரேடியோவுக்குள் புகுந்து கத்தக்கூடியவை. ஒரு சனிக்கிழமை நான் ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு, காதில் இயர்போனோடு, தெருத் தெருவாக நடந்தேன். ஒரு டேனரி கேட்டுக்கு எதிரில் நின்று ஆண்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பியதும் வாட்ச்மேன் உள்ளே ஓடினார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வெளியே வந்து, கும்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மேடம், எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க? எங்க தண்ணிலாம் க்ளீன் பண்ணிதான் மேடம் உடறோம்."

"நான் தண்ணிக்கு வரல. சத்தத்துக்கு வந்தேன்."

"சத்தத்துக்கும் பர்மிஷன் இருக்குது மேடம். டீ சாப்பிடறீங்களா?"

டீ குடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் டீச்சரம்மா கவர்ன்மெண்டுக்கு ரகசியமாக வேலை பார்க்கிறார் என்று தெருவில் பேச்சு பரவிவிட்டது. என் வீட்டுக்காரர் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரயிலில் வந்து இறங்கும் அவரையே ஸ்டேஷனில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். மனுஷர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னா, சைடு வேலைலாம் பாக்கிறியாமே" என்றார்.

எவ்வளவு நடந்தும் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் குறைகிற மாதிரி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே இரைச்சல். கடைசியில் வீட்டுக்கு வந்து மாடியில் நின்றபோதுதான் பக்கத்து வீட்டு மாடி கண்ணில் பட்டது. வரிசையாக, புத்தம்புதிதாக, சோலார் பலகைகள். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தவை. கீழே அதன் இன்வெர்ட்டர்.

பக்கத்து வீட்டுப் பாய், ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவர். கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் மூட்டையாக வரும். அவரும் அவர் மனைவியும் முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்து அனுப்புவார்கள். கரண்ட் போனால் வேலை நின்றுவிடுகிறது என்றுதான் அந்தச் சோலாரே வைத்தார். சாந்தமான மனுஷர். பக்ரீத்துக்கு வருகிற பிரியாணிக்குப் பதிலாக நாங்கள் கிறிஸ்துமஸ் கேக் கொடுப்போம். அந்த வியாபாரத்தில் எப்போதும் எங்களுக்குத்தான் லாபம்.

அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பாய், உங்க இன்வெர்ட்டர் என் ரேடியோவக் கெடுக்குது."

"நம்ம இன்வெர்ட்டரா? அது பாட்டுக்கு கீது டீச்சர். சத்தமே போடாதே."

"போடுது. எனக்கு வீட்டுக்குள்ள படுத்திருந்தாகூடக் கேக்குது. சோன்னு."

அது பொய்யில்லை. ராத்திரி படுக்கையில் அந்தச் சத்தம் எனக்கு உண்மையாகவே கேட்டது. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்பார். ஆஸ்பத்திரி மிஷின்களோடு வேலை பார்த்து உங்கள் காதே மரத்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தலையணையை அமுக்கிக்கொண்டு திரும்பிப் படுப்பேன்.

பாய் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "எத்தினி மணிக்கு உங்க சேட்டிலைட்டு வருது, சொல்லுங்க. அந்த டைம்ல ஆஃப் பண்ணிர்றேன். பேஜாரு இன்னாத்துக்கு."

அப்படியே செய்தார். தினமும் சாயங்காலம் நான் மாடியிலிருந்து குரல் கொடுப்பேன். கீழே மிஷின் நிற்கும். பாயும் அவர் மனைவியும் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இரைச்சல் அடங்காது. அவர் சரியாக ஆஃப் செய்யவில்லை என்று எனக்குச் சந்தேகம். மெயின் சுவிட்சையே அணைக்கச் சொன்னேன், அணைத்தார். அப்போதும் அடங்காமல் போகவே, பாய்க்கு அடுத்த வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அன்றைக்கு அவர் மனைவி உள்ளே போய்ச் சிரித்தது எனக்குத் தெரியும்.

ரேடியோவில் சிக்னல் கோடுகள் மட்டும் ஏறி இறங்கின. குரல் இல்லாமல் கோடு ஏறினால் அது சத்தத்தின் கோடுதான் என்று முடிவுகட்டினேன். இயற்பியல் படித்தவளுக்கு ஒன்றை நம்பிவிட்டால் அதற்கு ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு நடுவில் மற்ற காரியங்களும் கோணலாகப் போய்க்கொண்டிருந்தன, நான்தான் ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் இடது பக்க வரிசைப் பெண்கள் திடீரென்று தங்கமான பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்; ஒரு பேச்சு, ஒரு கிசுகிசு இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அவர்களைப் பாராட்டியே பேசினேன். அம்மாக்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சர்ச் கொயரை நடத்துகிறவர் எங்கள் வீட்டுக்காரர். நான் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுவேன். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பாட்டை நிறுத்தி, "சுருதி கொஞ்சம் எறங்குது, பக்கத்துல பாடறவங்கள கேட்டுப் பாடு" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார் என்று எனக்குக் கோபம். வீட்டில் ரெண்டு நாள் அவரோடு சாம்பார் மட்டும்தான் பேசியது. அடுத்த ஒத்திகையில் என் இடத்தை மாற்றி இடது கோடியில் நிறுத்தினார். தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை உள்ளூர அரித்தது தீதிதான். செயற்கைக்கோள் செத்துவிட்டது என்றால் சரி, வயதாகிவிட்டது, போகட்டும். செத்துவிடவில்லை, என் பக்கத்துச் சத்தம்தான் மறைக்கிறது என்றால், அந்த அம்மா அங்கே நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அல்லது அவருக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தப் பேட்டரி அடங்குவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அடங்கிவிட்டால் எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு கம்பி கிடையாது. கட்டங்கள் போடும் அந்த இணையப் பக்கத்தை அவர் பார்க்கிறவரும் இல்லை. அதில் அவர் பெயரில் ஒரு கட்டம்கூட வந்ததில்லை. சாயங்காலம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளாது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து மாடிக்குப் போவேன், வானம் காலியாகத்தான் இருக்கும், திரும்பி வருவேன். நாக்கில் எதுவும் ருசிக்கவில்லை. அந்த நாட்களில் யார் என்னிடம் என்ன சொன்னாலும் வள்ளென்று விழுந்தேன்.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த மாதம் அது ஒரு விடுமுறை நாளில் வந்தது. வெயில் இறங்கும் நேரத்தில், கரண்ட் வருவதற்கு முன்னாலேயே, செயற்கைக்கோளும் எங்கள் தலைக்கு மேல் வர இருந்தது. இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்காது. தெருவிளக்கு இல்லை, மோட்டார் இல்லை, ஃபேன் இல்லை. மிச்சம் இருப்பது பாயின் இன்வெர்ட்டர் ஒன்றுதான்.

அன்றைக்குப் பாய்க்கு அவசர வேலை. மறுநாள் தைத்த சரக்கு லாட் கம்பெனிக்குப் போக வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் தெருவிலேயே அவர் மிஷின் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் கேட்டதும் ஒரு நிமிஷம் தோல் குவியலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சுவிட்சை இறக்கிவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு நானும் வர்றேன் டீச்சர். அப்படி இன்னாதான் கேக்குதுன்னு பாத்துர்லாம்."

மாடியில் இரண்டு பேரும் நின்றோம். ஊரே அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. காக்கை ஒன்று டேங்க் மேல் நடக்கிற சத்தம்கூடத் தெரிந்தது. வடமேற்கில் ஆண்டெனாவை நீட்டினேன். கோடுகள் ஏறின. காதில் அதே இரைச்சல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கி அவரிடம் நீட்டினேன். "நீங்களே கேளுங்க பாய். எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. இன்னும் எப்படிக் கத்துதுன்னு கேளுங்க."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இயர்போனை வைத்தார். தலையைச் சாய்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கத்தல டீச்சர். பேசறாங்க."

"யாரு?"

"ஒரு பொம்பள. நம்ம உருது மாதிரிதான் கீது. 'பெஹன்'னு கூப்பிடறாங்க. தங்கச்சி, என் கொரல் வருதான்னு கேக்கறாங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருவாட்டி கேக்கறாங்க. வருதா, வருதா தங்கச்சின்னு. பாவம் டீச்சர், யாருன்னா பதில் சொல்லுங்களேன்."

நான் இயர்போனைப் பறித்து இடது காதில் வைத்தேன். மழை கொட்டியது. எடுத்தேன். எடுத்த பிறகும் கொட்டியது. இயர்போன் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது, ஊரில் ஒரு விளக்கு எரியவில்லை, பாயின் இன்வெர்ட்டர் அணைந்திருந்தது, மழை என் காதுக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஊரெல்லாம் தேடிய இரைச்சலை நானே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பாய்தான் உலுக்கினார். "டீச்சர், போய்ற போறாங்க."

ஆண்டெனாவை இடது கைக்கு மாற்றி, இயர்போனை வலது காதில் செருகினேன். ஒயர் கழுத்தில் சுற்றிக்கொண்டது. தீதியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது. பேசும் ரேடியோவின் பொத்தானை அமுக்கி, வருகிறது தீதி, வருகிறது என்று கத்தினேன். இந்தியில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று இப்போதும் தெரியாது. அந்தப் பக்கம் தீதி சிரித்தார்.

ஆரம்பத்தில் நான் கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் அவர் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார். என் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லச் சொல்ல நான் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏதோ கோபம், வேண்டுமென்றே தன்னைத் தவிர்க்கிறாள் என்று நினைத்தாராம். பிறகு நான் கூப்பிடுவதும் நின்றுபோனதும், கோபம் தீரட்டும் என்று தினமும் ஒருமுறை கேட்டுவைத்தாராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் செயற்கைக்கோள் சாயத் தொடங்கியது. நான் வேறெதுவும் பேசவில்லை. போன் நம்பரைக் கேட்டேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல நான் உரக்கத் திரும்பச் சொன்னேன். எழுத ஒன்றுமில்லாமல் பாய் சட்டைப் பையிலிருந்த தோலில் கோடு போடும் பென்சிலால் டேங்க் சுவரில் எழுதினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெள்ளையடிக்க விடவில்லை.

வேலூரில் காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். இடது காதின் நரம்பு மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கிறது. ஏன் என்று சொல்ல முடியவில்லை. ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. போனது திரும்பாது, இந்த இரைச்சலும் போகாது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பழகிக்கொள்வது எனக்கு எப்போது வந்தது? வெளியே வராந்தாவில் நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வீட்டுக்காரர் என்கூடவே நடந்தார். அப்போதுதான் கவனித்தேன்: நான் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவர் சுற்றிக்கொண்டு என் வலது பக்கத்துக்கு வந்தார்.

"இது எவ்ளோ நாளா?"

"கொயர்ல எடம் மாத்துனேன் பாரு, அதுக்கு முன்னாடிலேர்ந்து. எல்லாரும் வலது பக்கம் இருந்தா உனக்குக் கேக்கும்னுதான்."

"சொல்லித் தொலைக்கலாமில்ல?"

"ரெண்டு வாட்டி சொன்னேம்மா. ரெண்டு வாட்டியும் எனக்குதான் காது மரத்துப்போச்சுன்னே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தனை பேர் பார்க்க வராந்தாவிலேயே அவர் தோளில் முட்டிக்கொண்டு அழுதேன்.

பாய் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவிதான், "அப்ப எங்க சோலார் நல்லதுதானே க்கா" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குழுவில் மதுரைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் போட்ட சிவப்புக் கட்டங்கள் நாள் ஆக ஆக நகர்ந்து, பக்கத்தின் ஓரத்தில் விழுந்து காணாமல் போயின.

பிறகு சில மாதங்கள் அந்தப் பழைய பேட்டரி எங்களுக்காகத் தாக்குப்பிடித்தது. இடது கையில் ஆண்டெனா பிடிக்கப் பழகினேன். முதலில் எப்போதும் ஒரு சாண் தள்ளித்தான் காட்டினேன். தீதியோடு போனிலும் பேசலாம்தான். ஆனாலும் இரண்டு பேரும் சாயங்காலம் மாடிக்குத்தான் போனோம். போனில் பேச்சுக்கு முடிவே இல்லை. மாடியில் அவர் என்ன சமைத்தார் என்று சொல்லி முடிக்கிற நேரம்தான் கிடைக்கும், அதனால் ருசியாக இருந்தது.

போன மாதம் ஒருநாள் வலது காதிலும் இரைச்சல் அடங்கவில்லை. என் காது என்பதால் நான் நம்பவில்லை. கோடுகளைப் பார்த்தேன், ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. தீதி போனில் கூப்பிட்டுத் தனக்கும் ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் சிவப்புப் போட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாய், ஒரு நிமிஷம்" என்றேன். கீழே மிஷின் நின்றது. மேலே வந்தவர் பழக்கத்தில், "ஆஃப் பண்ணிட்டுதான் வந்தேன் டீச்சர்" என்றார்.

இயர்போனைக் கொடுத்தேன். ஆண்டெனாவைத் தென்கிழக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டே போனேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார்.

"யாரும் இல்ல டீச்சர். மழ மாதிரி ஒரு சத்தம்தான் வருது. சோன்னு."

"அதேதான் பாய். எனக்கு இந்த இடது காதுல எப்பவும் கேக்கறது அதான்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இயர்போனை எடுக்கவில்லை. விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அமுக்கிக்கொண்டு கேட்டார்.

"இதேவா? ராத்திரிலயுமா?"

"ராத்திரிலயும்."

நான் போனைத் திறந்து அன்றைய கட்டத்தில் சிவப்பைப் போட்டேன். பாய் இயர்போனைக் காதிலிருந்து எடுத்தார். எடுத்ததும் அவருக்கு அது நின்றுவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.